ஏணை காணும்

டன்டினோங் கடையில்
கூடாரங்களை விரித்தே வைத்திருக்கிறார்கள்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
ஒன்றுக்குள் படுத்துப் பார்த்தேன்.
ஆறு ஆணி, இரண்டு வளைகம்பி, இரண்டரைக் கிலோ,
மழைக்கு மேலே இன்னொரு தோல்.
ஜிப்பை இழுத்துவிட்டால் நுளம்பு எட்டியும் பார்க்காது
என்று உள்ளிருந்தபடியே சொன்னேன்.
வெளியே பதில் இல்லை.

சுபோதினி அடுத்த வரிசையில்
மாதுளம்பழ அளவில் ஒரு பையைக்
கையில் வைத்துப் பாரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பச்சைத் துணி, இரண்டு பட்டி, இரண்டு கொளுக்கி.
"எனக்கு இந்த ஏணை காணும்."

வாதாடினேன்.
தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றது
இதற்கில்லை என்றேன்.
முதுகு வில்லாக வளையும்,
புரண்டு படுக்க ஏலாது,
கீழிருந்து காற்று ஏறும்,
கடைப் பையனே சொல்கிறான் கேள் என்றேன்.
செம்பட்டைத் தாடி, இருபது வயது இருக்கும்;
எங்கள் நடுவில் நின்று
இருவருக்கும் தலையாட்டினான்.
இரண்டையும் வாங்கினோம்.
ஒரே பற்றுச்சீட்டு.
முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம்.

வடக்கே மூன்று மணிநேரம், மர்ரே ஆற்றுக்கு.
காரில் கேட்டாள்:
காம்பிங் எண்டதைத் தமிழில என்னெண்டு சொல்லுறது?
யோசிக்காமல் சொன்னேன்,
முகாம்.
நகம்பி தாண்டும்வரை அவள்
அறுத்து முடித்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

செட்டிகுளத்தில் ஏழு மாதம்.
பதினான்கு வருடத்தில் எனக்குச் சொன்னது மூன்றே விஷயம்.
வெள்ளைத் துணி பகலில் கொதிக்கும்.
பக்கத்தில் யார் இருமினாலும் ஆளைத் தெரியும்.
மழை வந்தால் பாயைச் சுருட்டிப் பிடித்தபடி
விடியும்வரை நிற்க வேண்டும்.
நான் அப்போது மெல்பேர்னில்
பீட்சா பெட்டி மடித்துக்கொண்டிருந்தேன்.

பார்மா காட்டில் அதிகாரி ஒருத்தி,
முழங்கால் வரை தூசி,
எங்கள் பட்டிகளைக் கண்டதும் கைவீசிக்கொண்டு ஓடிவந்தாள்.
இந்தப் பெரிய யூகலிப்டஸுக்குக் கீழே வேண்டாம்,
காற்றே இல்லாத நாளிலும் கொப்பை முறித்துப் போடும்,
சத்தம் கேட்கிறபோது நேரம் போயிருக்கும் என்றாள்.
சுபோதினி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.
"அப்ப இங்கயும் பங்கர் வெட்ட வேணுமோ?"
அதிகாரி என்னைப் பார்த்தாள்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் ஒரு முனை காரின் கூரைக்கம்பியில்,
மறுமுனை தள்ளி நின்ற ஓர் இளமரத்தில்.
ஏறும்போது ஒருமுறை கவிழ்ந்தாள்.
இரண்டாம் முறை
துணி அவளை முழுதாக வாங்கிக்கொண்டது,
ஒரு கை மட்டும் வெளியே தொங்கியது.
நான் ஆறு ஆணியையும் அறைந்தேன்.
இரண்டு பேருக்கான கூடாரத்தில்
இடப்பக்கம் படுத்தேன்.
வீட்டிலும் எனக்கு இடப்பக்கம்தான்.

மூன்று மணிக்கு ஜிப் சத்தம்.
"முதுகு விறைக்குது. ஒண்டும் சொல்லாதீங்கோ."
சொல்லவில்லை.
கால்களை உள்ளே நீட்டினாள்.
ஜம்பரை மடித்துத் தலைக்கு வைத்து
வாசலுக்கு வெளியே, புல்லில், தலை சாய்த்தாள்.
மூடப் போன என் கையைப் பிடித்து
"ஜிப்பைத் தொடாதீங்கோ."
கொஞ்ச நேரம் அவளது குளிர்ந்த பாதங்களுக்குப் பக்கத்தில்
என் தலை கிடந்தது.
பிறகு நானும் திரும்பிப் படுத்தேன்.
வானம் முட்ட வெள்ளிகள்.
ஆற்றுப்பக்கம் எங்கோ ஒரு கொப்பு முறிந்து விழுந்தது.
அவள் விரல்கள் என் மணிக்கட்டில் இறுகி,
தண்ணீரில் விழுந்த சத்தம் அடங்கிய பிறகே தளர்ந்தன.

காலையில் நுளம்புக்கடி எண்ணினோம்.
என் நெற்றியில் ஏழு.
அவளுக்குப் பதினொன்று, ஒன்று கண்ணிமையில்.
பற்றுச்சீட்டு டாஷ்போர்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது.
இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது.